முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் நாகைப் பகுதிப் பௌத்தத் தலங்களும்

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்பது தமிழ்நாட்டில் காவிரிக் கழிமுகத்தின் தென்கோடியில், பாக்கு நீரிணையை ஒட்டி அமைந்துள்ள சதுப்புநிலக் காடு ஆகும். இதன் பெரும்பகுதி திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. ஓரப்பகுதிகள் நாகப்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டங்களில் அடங்கும். ஏறக்குறைய 12,000 எக்டேர் பரப்புடைய இக்காட்டினுள் ஆழங்குறைந்த ஒரு காயலும் உண்டு. கோரையாற்றின் வழியே படகில் சென்று, சேற்றின் மேல் அமைக்கப்பட்ட மரப்பலகை நடைபாதையில் நடந்து காட்டைக் காண்பது இங்குள்ள வழக்கம். இங்கிருந்து கடற்கரைச் சாலையில் சுமார் 70 கி.மீ. வடக்கே நாகப்பட்டினம் அமைந்துள்ளது. சோழர் காலத்தில் கடல் கடந்த நாடுகளின் பௌத்தர்கள் வந்து வழிபட்ட துறைமுக நகரம் அது. காடும் விகாரமும் ஒரே கழிமுகத்தில் தோன்றியவை; இரண்டும் வெட்டப்பட்டவை. காட்டின் ஒரு பகுதி மீண்டும் வளர்ந்தது. விகாரத்தின் கோபுரம் நின்ற இடத்தில் இன்று பார்க்க எதுவும் இல்லை.

பெயர்

கடலின் அலையை ஆற்றுவதால் 'அலையாற்றி' எனப்பட்டுப் பின்னர் 'அலையாத்தி' என மருவியது என்பர். கண்டல் காடு என்பதும் இதன் பெயரே. கண்டலும் தில்லையும் சங்க இலக்கியத்தின் நெய்தல் திணைப் பாடல்களில் இடம்பெறும் மரங்கள் ஆகும். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்ததும் இத்தகைய சதுப்புநில மரமே. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலை உண்டாக்கும் என்பதால் இப்பகுதி மக்கள் அதனை வெட்டும்போது எச்சரிக்கையாக இருப்பர்.

நிலமும் நீரும்

காவிரியின் கிளையாறுகளான பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு முதலியன இங்குக் காயலில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையே இவற்றில் நன்னீர் மிகுதியாக வரும். கோடையில் ஆற்றுநீர் வருவது ஏறத்தாழ நின்றுவிட, காயலின் உப்புத்தன்மை உயர்கின்றது. 1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னரும், மேற்பகுதிகளில் பாசனம் பெருகிய பின்னரும், கடைமடைக்கு வந்து சேரும் நன்னீரின் அளவு குறைந்தது. கடைமடை உழவர்கள் நீர் வரவில்லை என்று முறையிடும்போது, அவர்களுக்கும் கீழே இன்னொரு கடைமடை இருப்பது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. அது இந்தக் காடுதான்.

காட்டின் மரவகைகள் குறைவாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் ஆகும். வடக்கே பிச்சாவரத்தில் சுரபுன்னை உள்ளிட்ட பல இனங்கள் செழித்திருக்க, முத்துப்பேட்டையில் உப்பை மிகுதியாகத் தாங்கவல்ல வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரமே மிகப் பெரும்பான்மையாகக் காணப்படுகின்றது. இதனுடன் தில்லை, நரிக்கண்டல், கழுதைமுள்ளி, உமரி முதலியனவும் வளர்கின்றன.

வெண்கண்டலின் வாழ்முறை கவனிக்கத்தக்கது. கழிமுகச் சேற்றில் காற்றோட்டம் இல்லை. ஆகவே மரத்தைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் பென்சில்களை நட்டுவைத்தாற்போல் சேற்றிலிருந்து மேல்நோக்கி எழுகின்றன. நீர் வடிந்த நேரத்தில் அவற்றின் நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே செல்லும். வேரைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட உப்பை இலைகளிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன. காலை வேளையில் இலையின் மேல் படிந்திருக்கும் உப்புப் பொடியை விரலால் தொட்டு அறியலாம். விதையும் மரத்திலிருக்கும்போதே முளைக்கத் தொடங்கிவிடுகின்றது. விழுந்தவுடன் அடுத்த அலை அடித்துச் செல்வதற்குள் வேர் பிடிக்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு.

வெட்டலும் மீட்பும்

தஞ்சை மராத்தியர் காலத்தில் இக்காடு அரச குடும்பத்தின் சத்திரங்களோடு இணைக்கப்பட்டிருந்தது. இதன் வருவாய் வழிப்போக்கர்களுக்கு உணவளிக்கும் அறச்செலவுக்குப் பயன்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூற்றை அடியோடு வெட்டி விறகாக்கும் முறை வந்தது. வெட்டிய இடம் சில ஆண்டுகளில் தானே வளர்ந்துவிடும் என்பது கணக்கு. இம்முறை விடுதலைக்குப் பின்னரும் சில பத்தாண்டுகள் தொடர்ந்தது.

கணக்கு பொய்த்தது. காடு மீளாமைக்கு ஊர் மக்கள் விறகு வெட்டுவதும் ஆடுமாடு மேய்ப்பதுமே காரணம் என நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மேற்கொண்ட ஆய்வுகள் வேறொரு விடையைத் தந்தன. மரங்களை அடியோடு வெட்டியதும் சேறு நேரடி வெயிலுக்கு ஆளானது. மண்ணிலிருந்த நீர் ஆவியாகி நிலம் அமிழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஓதத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. நாளடைவில் அந்த உப்பில் வெண்கண்டலும் முளைக்கவில்லை. அதாவது, காட்டை அழித்தது காட்டை நிர்வகித்த முறையே ஆகும்.

தீர்வு எளியது. தேங்கிய பள்ளங்களை ஓடைகளோடு இணைத்து, நடுவே ஒரு பெரிய கால்வாயும் அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைக்கால்வாய்களும் வெட்டப்பட்டன. மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளைப் போல் தோன்றுவதால் இதற்கு மீன்முள் கால்வாய் முறை என்று பெயர். நாள்தோறும் ஓதநீர் வந்து வடியத் தொடங்கியதும் மண்ணின் உப்பு குறைந்தது; கரைகளில் நட்ட கன்றுகள் பிழைத்தன. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து காட்டைப் பேணும் கூட்டு மேலாண்மைத் திட்டமும் அக்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. கால்வாய்கள் தூர்ந்துபோனால் நிலம் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதால் அவற்றை அவ்வப்போது தூர்வாருவது இன்றியமையாதது.

கால்வாய் வெட்டுவது இப்பகுதி மீனவர்களுக்குப் புதிய கலை அன்று. காயலிலிருந்து காட்டுக்குள் நெடிய வாய்க்கால்களை வெட்டி, நீரோடு ஏறிவரும் மீனையும் இறாலையும் பிடிக்கும் வாய்க்கால் மீன்பிடிப்பு முத்துப்பேட்டையின் பழைய தொழில்முறை ஆகும்.

1990களில் கழிமுகத்தில் பரவிய இறால் பண்ணைகள் மற்றொரு நெருக்கடியாயின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இத்தகைய பண்ணைகள் அமைவதற்கு எதிராக இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. முத்துப்பேட்டைக் காட்டை உள்ளடக்கிய கோடியக்கரை வனவிலங்கு, பறவைகள் புகலிடப் பகுதி 2002 ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

2018 நவம்பர் 16 ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் இக்காட்டைக் கடுமையாகத் தாக்கியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. நின்றவை இலையுதிர்த்துப் பட்டுப்போயின. பார்வையாளர்களுக்கான வசதிகளும் சேதமடைந்தன. டெல்டாவின் தென்னந்தோப்புகள் அழிந்ததே அப்போது பெரிதும் பேசப்பட்டது. காட்டின் இழப்பைக் கணக்கிட இழப்பீடு கேட்பவர் எவரும் இல்லை.

நடைபாதை

முத்துப்பேட்டை நகரை அடுத்த ஜாம்புவானோடையிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. இவ்வூரிலுள்ள தர்கா பல சமயத்தவரும் வந்து செல்லும் புகழ்பெற்ற தலம் ஆகும். கோரையாற்றில் செல்லும்போது முதலில் இருகரையிலும் வயலும் தோப்பும் தெரியும். பின்னர் கரை தாழ்ந்து அலையாத்தி தொடங்கும். காயலை அடையும் முன்பே நீரின் நிறமும் வாடையும் மாறிவிடும்.

நடைபாதை தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டதாகும். மூச்சுவேர்களை மிதித்தால் மரம் பாதிக்கப்படும் என்பதாலேயே சேற்றில் இறங்காமல் பலகை மேல் நடக்கும்படி இது அமைக்கப்பட்டது. ஓதம் வடிந்த நேரத்தில் சென்றால் வேர்களையும், நண்டுகளின் வளைகளையும், சேற்றில் துள்ளும் சேற்றுத்தாவி மீன்களையும் காணலாம். ஓதம் ஏறியிருக்கும்போது நீரும் இலையும் மட்டுமே தெரியும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளைக் காண ஏற்ற காலம்.

நாகப்பட்டினமும் சூடாமணி விகாரமும்

நாகப்பட்டினம் சோழர்க்கு முன்பே பௌத்தர்கள் அறிந்த ஊராக இருந்தது. பாளி மொழி உரையாசிரியர் தம்மபாலர் தம் நூலொன்றை இவ்வூர் விகாரையில் எழுதியதாக அந்நூலின் இறுதிப்பகுதி தெரிவிக்கின்றது. ஆயினும் இவ்வூர்ப் பௌத்தத்தைப் பற்றிய விரிவான சான்று முதலாம் இராசராச சோழன் காலத்திலிருந்தே கிடைக்கின்றது.

சுமாத்திரா, மலாயா பகுதிகளை ஆண்ட ஸ்ரீவிசய மன்னன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் விகாரம் ஒன்றைக் கட்டத் தொடங்க, அவன் மகன் ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். தன் 21 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 ஆம் ஆண்டளவில், இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இவ்விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். இக்கொடையை அவன் மகன் முதலாம் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். 21 ஏடுகளைக் கொண்ட அச்செப்பேடு பெரிய லைடன் செப்பேடு எனப்படுகின்றது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1862 இல் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் இப்பெயர் வந்தது. சிவநெறியில் ஆழ்ந்த பற்றுடைய மன்னன், அயல்நாட்டு மன்னன் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்ததைச் சமயப் பொறைக்குச் சான்றாக நூல்கள் காட்டுவதுண்டு. வணிகமும் அதில் அடங்கியிருந்தது என்பதை மறக்கலாகாது. 1025 அளவில் இதே ஸ்ரீவிசயத்தின் மீது இராசேந்திரன் கடற்படை அனுப்பினான். அதன் பின்னரும் விகாரம் நிலைத்திருந்தது. முதலாம் குலோத்துங்கனின் 1090 ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறிய லைடன் செப்பேடு, இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என இரண்டைக் குறிப்பிடுகின்றது.

பள்ளி என்னும் சொல் இங்குக் கருதத்தக்கது. துறவியர் உறைவிடத்தைக் குறித்த இச்சொல் பின்னர் கல்விக்கூடத்துக்கும், பள்ளிவாசல் என்ற வழக்கில் இசுலாமியர் தொழுகை இடத்துக்கும் பெயராயிற்று.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினத்தின் வழியாகவே சூடாமணி விகாரத்தைப் பெரும்பாலான வாசகர்கள் அறிவர். அப்புதினம் இராசராசன் இளவரசனாக இருந்த காலத்தில் நிகழ்வது. செப்பேடு காட்டும் விகாரமோ அவன் முடிசூடிப் பல ஆண்டுகள் கழித்துக் கட்டப்பட்டது. புதினத்தை மட்டும் படித்துக் காலத்தைக் கணிக்கும் மாணவர்கள் இதனை நினைவில் கொள்வது நன்று.

கோபுரத்தின் முடிவு

சீனப் பயணி வாங் தாயுவான் 1349 இல் எழுதிய நூலில், சோழக் கரையில் சீன எழுத்துப் பொறித்த செங்கற்கோபுரம் ஒன்று இருந்ததாகவும், அது 1267 இல் கட்டி முடிக்கப்பட்டதாகவும் குறிப்பிடுகிறார். அது நாகப்பட்டினத்தில் இருந்தது என ஆய்வாளர் கொள்வர். பர்மாவின் பெகு நகரிலுள்ள கல்யாணி கல்வெட்டுகள், 15 ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து திரும்பிய பர்மியத் துறவியர் நாகப்பட்டினத்தில் பழைய விகாரை இருந்த இடத்தைக் கண்டு, சீன அரசன் அமைத்த குகையில் புத்தரை வணங்கியதைக் கூறுகின்றன. தமிழகத்தில் பௌத்தம் மறைந்துவிட்டதாகப் பாடநூல்கள் கூறும் காலத்துக்குப் பின்னரும் இவ்வூருக்கு வழிபடுவோர் வந்துகொண்டிருந்தனர்.

ஒல்லாந்தர் இதனைச் சீனக் கோயில் என்றனர். ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். கடலிலிருந்து கரையை அடையாளம் காண மாலுமிகளுக்கு இது பயன்பட்டது. 1846 இல் சர் வால்டர் எலியட் நேரில் கண்டபோது, மூன்று நிலை கொண்ட, நாற்புறமும் வாயில் போன்ற திறப்புகளுடைய செங்கற் கட்டடமாக இது நின்றது. மேற்கூரை அப்போதே இல்லை. பின்னர் அவ்விடத்தில் கல்லூரி அமைத்த இயேசு சபையினர், கட்டடம் பழுதடைந்துள்ளது என்று கூறி இடிக்க அனுமதி கோரினர். 1867 இல் சென்னை அரசு அனுமதி அளித்தது, கோபுரம் இடிக்கப்பட்டது. இந்தியத் தொல்லியல் ஆய்வகம் தோன்றி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கல்லூரியும் 1883 இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம் மாறிவிட்டது.

செப்புத் திருமேனிகள்

கோபுரம் இருக்கும்போதே, 1856 இல், அதன் அருகில் இருந்த ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் திருமேனிகள் கிடைத்தன. அதிலிருந்து 1930கள் வரை வெளிப்பாளையம் முதலிய இடங்களில் ஏறத்தாழ 350 திருமேனிகள் வெளிப்பட்டன. தலைமுடி மீது தீச்சுடர் எழுவது போன்ற முடிவடிவம் இவற்றின் அடையாளம். பெரும்பாலானவை ஒரு சாண் உயரத்துக்கும் குறைந்தவை. அன்பர்கள் நேர்த்திக்கடனாகச் செய்தளித்தவையாக இருக்கலாம். ஒரு திருமேனியின் பீடத்துக் கல்வெட்டு புத்தரை 'ஆழ்வார்' எனக் குறிப்பிடுகின்றது. வைணவ அடியார்க்கு இன்று உரிய சொல் அன்று புத்தருக்கும் வழங்கியது. டி. என். இராமச்சந்திரன் இத்திருமேனிகளைப் பற்றி எழுதி 1954 இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட நூல் இன்றளவும் அடிப்படை நூலாக உள்ளது. நாகப்பட்டினத்துக்கு வந்து இவற்றைத் தேடுவோர் ஏமாறுவர். இவற்றுள் பலவும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. சில வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குச் சென்றன.

ஊர்ப்புறப் புத்தர்கள்

கழிமுகத்தின் சிற்றூர்களில் கருங்கல் புத்தர் சிலைகள் மரத்தடியிலும் வயலோரத்திலும் கோயில் வளாகத்திலும் காணப்படுகின்றன. கீழ்வேளூர் அருகேயுள்ள புத்தமங்கலம் பெயரிலேயே பழமையை வைத்திருக்கும் ஊர். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' நூலும், அதன் பின்னர் பா. ஜம்புலிங்கம் சோழ நாட்டில் மேற்கொண்ட களஆய்வும் இச்சிலைகளைப் பலர் அறியச் செய்தன. பல ஊர்களில் மக்கள் இவற்றைச் செட்டியார், சாம்பான், ரிஷி எனத் தமக்கு நெருக்கமான பெயர்களில் அழைத்து, விளக்கேற்றி வழிபடுகின்றனர். பெயர் மாறியதால்தான் சிலை பிழைத்தது என்றும் கூறலாம். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என வழிபடப்பட்ட சிலை புத்தரே என்று 2022 இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது முதல், ஊரார் வழிபாட்டுக்கும் வரலாற்று அடையாளத்துக்கும் இடையிலான இக்கேள்வி பொதுவெளிக்கு வந்துள்ளது.

அமர்ந்த கோலத்துச் சிலை எல்லாம் புத்தர் அன்று. சீவர ஆடையின் கோடு உடலில் தெரிந்து, தலைமேல் முடி திரண்டிருப்பின் அது புத்தர். ஆடையின்றி, மேலே முக்குடை இருப்பின் சமணத் தீர்த்தங்கரர். தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கப்பட்டுள்ள திருவுருவங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

காவிரிப்பூம்பட்டினம் முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை

நாகப்பட்டினத்துக்கு வடக்கே காவிரி கடலில் கலக்கும் இடத்திலுள்ள பூம்புகாரில், பல்லவனீச்சுரம் பகுதியில் 1960களில் நடைபெற்ற அகழாய்வில் செங்கல்லால் கட்டிய பௌத்த விகாரையின் அறைகளும், புத்தரின் திருவடிகள் பொறித்த கல்லும், சிறிய செப்புப் புத்தர் உருவமும் வெளிப்பட்டன. விகாரையின் அடித்தளத்தை நேரில் காணத்தக்க இடம் இதுவே என்பதால் மாணவர்கள் இதனைத் தவறவிடலாகாது.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையின் கதை இந்நகரில் தொடங்குகின்றது. அதன் இரட்டையான சிலப்பதிகாரமும் இங்கிருந்தே புறப்பட்டு, மதுரை வழியாக மேற்கு மலையில் முடிகின்றது. அம்மலை, கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் சிதைந்து நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ள இடம் என்பது பரவலான கருத்து. ஆண்டுக்கு ஒருமுறை சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் அங்குச் செல்லப் பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. அது பௌத்தத் தலம் அன்று. எனினும் அதே கண்ணகி இலங்கையில் பத்தினித் தெய்வமாகச் சிங்களப் பௌத்தர்களால் வணங்கப்படுகிறாள்.

பார்வையிடுதல்

முத்துப்பேட்டை திருவாரூர் – காரைக்குடி தொடர்வண்டிப் பாதையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் உள்ளது. தேனி, கம்பம் பகுதியிலிருந்து வருவோர் மதுரை, புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை வழியாக வரலாம். காட்டுக்குள் செல்ல வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். நடைபாதை திறந்துள்ளதா என்பதையும், அன்றைய ஓத நேரத்தையும் அப்போதே கேட்டறிய வேண்டும். புயற்காலத்தில் படகுகள் இயங்கா. காட்டினுள் கடை எதுவும் இல்லாததால் குடிநீரை உடன் கொண்டுசெல்வதும், நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவருவதும் தேவை. காலையில் காட்டைக் கண்டு, பிற்பகலில் நாகப்பட்டினம் சென்று இரவு அங்குத் தங்கினால், மறுநாள் புத்தமங்கலத்தையும் பூம்புகாரையும் பார்த்துவிடலாம். செப்புத் திருமேனிகளைக் காண விரும்புவோர் சென்னைப் பயணத்தைத் தனியே திட்டமிட வேண்டும்.